நாவல் மரத்துக்கு அளவெடுத்த ஞாயிறு

ஏற்காட்டில் என் குரலைத் தெரியாதவர்கள் குறைவு, முகத்தைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. எண்பதுகளில் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். எஸ்டேட் ஆபீசிலிருந்து சேலத்துக்குப் பேச வேண்டுமென்றால் நான் பிளக்கைச் சொருகியாக வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் மழையைத் திட்ட மாட்டார்கள், என்னைத்தான் திட்டுவார்கள். நானும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை. 'எக்ஸ்சேஞ்சம்மாவுக்கு மூக்குக்கு மேல கோபம்' என்று ஊரில் பேச்சு இருந்தது. உண்மைதான்.

நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கால் வீங்கிப் போயிற்று. டாக்டர் மாத்திரை எழுதித் தருவார் என்று போனால், "நடங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எங்கே நடப்பது? ஏரியைச் சுற்றினால் டூரிஸ்ட் கூட்டம். பஸ் ரோட்டில் நடந்தால், பின்னால் வருகிற ஒவ்வொரு ஜீப்பும் நின்று ஏற்றிக்கொள்ளவா என்று கேட்கும். கையில் பையும் இல்லாமல், போய்ச் சேர ஓர் இடமும் இல்லாமல் ஒரு பெண் நடந்தால், அந்த ஊரில் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் ஒண்டிக்கடை முக்கில் டீக்கடைச் சுவரில் ஓர் அட்டையைப் பார்த்தேன். 'காடு பார்க்கும் நடை. மாதக் கடைசி ஞாயிறு காலை, இங்கே கூடவும். கட்டணம் இல்லை. ரேடியோ கொண்டுவர வேண்டாம்.' காட்டைப் பற்றி எனக்கு அக்கறை ஒன்றும் கிடையாது. கடைசி வரிதான் என்னை இழுத்தது. வாரம் முழுக்கக் காதில் ஊர்ப்பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப் போயிருந்தேன்.

நடத்தியவர் ஒரு ரிட்டையர்டு வாத்தியார். கீழே சேலத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வுக்கு மலையேறி வந்தவர். தலையில் கம்பளிக் குல்லா, கையில் தடி, தொண்டையில் இன்னும் அறுபது பையன்களை அடக்குகிற குரல். 'சத்தம் போடாதீங்க, பறவை பறந்துரும்' என்பதை அவர் சொல்கிற சத்தத்திலேயே இருக்கிற பறவையெல்லாம் பறந்துவிடும். ஆனால் மனிதர் நல்லவர். ஒரு இலையைக் கிள்ள விடமாட்டார், வழியில் கிடக்கிற பிஸ்கட் காகிதத்தைத் தானே குனிந்து பொறுக்குவார். யார் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் காத்திருப்பார். என்னைப் போன்ற யானைக்கால்காரிக்கு அது பெரிய உபகாரம்.

கூட வந்தவர்களில் எஸ்டேட் கிளார்க் குடும்பங்கள், ஹாஸ்டல் வார்டன்கள், விடுமுறைக்கு வந்து பொழுது போகாதவர்கள் என்று மாதத்துக்கு மாதம் ஆள் மாறும். மாறாமல் வந்தது நானும் டெய்லரும். ஒண்டிக்கடையில் அவருக்குச் சின்னக் கடை. பள்ளிக்கூட யூனிஃபாரம் முழுக்க அவர் மெஷினில்தான் பிறக்கும். உட்கார்ந்தே சம்பாதித்து முதுகு போய்விட்டது என்று அவரும் நடக்க வந்தார். நாங்கள் இருவரும் ஒரே ஜாதி, உட்கார்ந்து பிழைக்கிற ஜாதி என்பார். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் இஞ்சு டேப் தொங்கும். தூங்கும்போதாவது கழற்றுவீர்களா என்று கேட்டதற்கு, "அது இல்லீனா கழுத்து குளுருதுங்கம்மா" என்றார். வழியில் எதைப் பார்த்தாலும் டேப்பை வைத்து ஒரு வேடிக்கை காட்டாமல் இருக்க மாட்டார். ஒருநாள் பாறை மேல் படுத்திருந்த எருமைக்குக் கோட்டு அளவு எடுக்கப் போய், அது எழுந்து நின்றதும் எனக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார்.

எங்கள் வழி பெரும்பாலும் கரடியூர்ப் பக்கம்தான். பஸ் ரோட்டை விட்டு இறங்கினால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காபித் தோட்டம், அதைத் தாண்டி ஓர் ஓடை, ஓடைக்கு மேலே ஏறினால் மலைக்காரர்களின் நாலைந்து வீடுகள். வீடுகளை ஒட்டிச் சாமைக்காடும் ராகிக்காடும். அங்கே உழுகிற நிலத்துக்கும் காடு என்றுதான் பேர். அதற்கப்புறம் பாறை, பாறைக்கு அந்தப்பக்கம் ஒரேயடியாகப் பள்ளம். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு இட்லியைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவோம்.

அந்த நாலைந்து வீடுகளில் முதல் வீட்டில் எப்போதும் தண்ணீர் கேட்டுக் குடிப்போம். அங்கே ஓர் அக்கா இருந்தார். அக்கா என்றால் என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். வீட்டுக்காரர் குடகில் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு பெண்பிள்ளைகளையும் ஒரு மாட்டையும் மாமனார் காலத்துக் காட்டையும் இவர்தான் தனியாகப் பார்த்துக்கொண்டார். நாங்கள் போனால் செம்பில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

"ஏனுங்க, இத்தன தூரம் எதுக்குங்க வர்றீங்க?"

"சும்மா நடக்கறதுக்குங்கக்கா."

"சுமையில்லாமயா? ஒண்ணும் கொண்டாராம, ஒண்ணும் கொண்டுட்டுப் போகாமயா?"

ஆமாம் என்றால் நம்பாத மாதிரி சிரிப்பார். அவர்களுக்கு நடை என்பது தலையில் மூட்டை இருந்தால்தான். கொய்யா மூட்டை, ராகி மூட்டை, விறகு, இல்லாவிட்டால் காய்ச்சல் வந்த பிள்ளை. வெறுந்தலையோடு மலையேறி, மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, இட்லி தின்று, இறங்கிப் போகிறவர்களை என்ன கணக்கில் சேர்ப்பது? அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்ததுண்டு. நமக்கென்ன வேறு வேலை வெட்டி இல்லையா என்று தோன்றும். இல்லைதான்.

அவருடைய காட்டின் ஓரத்தில், தடத்தை ஒட்டி ஒரு பெரிய நாவல் மரம். வாத்தியார் நாவல் என்பார், அக்கா நாகமரம் என்பார். அப்படி ஒரு பருமன். அதன் நிழலில் எங்கள் கூட்டம் முழுக்க உட்கார்ந்தாலும் மாட்டுக்கும் இடம் இருக்கும்.

ஒரு பங்குனி மாதம். முதல் மழை பெய்து காபி பூத்திருந்தது. தோட்டமெல்லாம் வெள்ளை, மல்லிகைக் கடைக்குள் நுழைந்த மாதிரி வாசனை. எல்லாருக்கும் மனசு லேசாகி, கொஞ்சம் ஆட்டமாகவே வந்து சேர்ந்தோம். நாவல் மரத்தடியில் யாரோ ஒரு குழந்தை, "தாத்தா, இந்த மரத்துக்கு என்ன வயசு?" என்று கேட்டது. வாத்தியாருக்கு அது போதும். மரத்தின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளந்தால் வயதை ஓரளவு ஊகிக்கலாம் என்று ஆரம்பித்தார்.

"அளக்கத்தானுங்க நான் இருக்கறனே!" என்று டெய்லர் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். டேப் பாதி மரத்துக்குக்கூட எட்டவில்லை. விரலை வைத்து வைத்துச் சுற்றி வந்தார். "அம்மாவுக்கு இடுப்பு கொஞ்சம் பெருசுதானுங்க. இதுக்கு ரவிக்கை தெக்கணும்னா கோஆப்டெக்ஸையே காலி பண்ணணும்" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அளவைக் கத்திச் சொல்ல, வாத்தியார் அதைவிடப் பெரிய சத்தத்தில் திருப்பிச் சொல்லி, அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க என்று சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து மரப்பட்டையில் அந்த எண்ணை எழுதினார். ரிட்டையர் ஆன பிறகும் சாக்பீஸை விடாத மனிதர்.

அக்கா காட்டுக்குள் களைக்கொத்தோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை ஆட்டினேன். அவர் ஆட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத் தண்ணீர் கேட்கப் போகாமல் நேராகப் பாறைக்கு நடந்துவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது ஓடையைத் தாண்டியதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வழக்கமாக வாலாட்டுகிற நாய் குரைத்தது. தடத்தில் எதிரே வந்த ஒரு கிழவர் எங்களைக் கண்டதும் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு காபித் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். முதல் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, தண்ணி" என்றேன். உள்ளே பிள்ளைகள் குசுகுசுவென்று பேசுவது கேட்டது, கதவு திறக்கவில்லை. 'ஒரு வாய்த் தண்ணிக்கு இந்தக் கிராக்கியா' என்று முணுமுணுத்துக்கொண்டே நாவல் மரத்தடிக்கு வந்தேன்.

மரத்தின் அடியில் முள் வெட்டிக் குவித்திருந்தது. முதுகு வலிக்கிறது என்று சாய்ந்து உட்காரப் போன டெய்லர், முள்ளை ஒரு குச்சியால் ஒதுக்கினார். ஒதுக்கியவர் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார்.

அடிமரத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு வளையமாகப் பட்டையைச் செதுக்கி எடுத்திருந்தது. உள்ளே மரம் செம்மண் நிறத்தில் தெரிந்தது, எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. மலையில் மரத்தைச் சத்தமில்லாமல் கொல்ல இதுதான் வழி. கோடாலி போட்டால் ஊரே கேட்கும், கேஸ் வரும். சுற்றிலும் பட்டையை எடுத்துவிட்டால் வேர் இழுத்தது மேலே போனாலும் இலை சமைத்தது கீழே வராது, மரம் நின்றபடியே பட்டினி கிடந்து காய்ந்துவிடும். தானாகச் செத்த மரத்துக்கு யார் மேலேயும் யாரும் கேஸ் போட முடியாது.

வாத்தியார் குரல் மலை அதிர வந்தது. "யாரு செஞ்ச வேலை இது? நான் விடப் போறதில்லை. ஃபாரஸ்ட்டுல போய் எழுதிக் குடுக்கப் போறேன்!"

ஃபாரஸ்ட் என்ற வார்த்தை கேட்டதும் அந்த வீட்டுக் கதவு திறந்தது. அக்கா இறங்கி வந்தார். கும்பிட்டார். அத்தனை நாளும் இடுப்பில் கையை வைத்து எங்களைக் கேலி செய்தவர் கும்பிட்டது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"வாங்க. மரம் காஞ்சுட்டு வருதுங்க. பூச்சி உழுந்துருச்சு. இனி அது வெறகுதானுங்க. அப்படின்னே எழுதிக்குங்க சாமி."

"என்னத்தம்மா எழுதிக்கறது?" என்றார் வாத்தியார்.

"நம்பர் போட்டுட்டுப் போனீங்களே, அதத்தானுங்க. மரம் இருந்தாத்தான இது காடும்பீங்க? மரமே இல்லீனா வெறும் வெள்ளாமக் காடுதானுங்களே? எங்கூட்டுக்காரரு குடகுல இருக்கறாருங்க. அவரு வர்ற வரைக்குமாவது எடுத்துக்காதீங்க. அவரு வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவன்?"

அவர் சொல்லச் சொல்ல மெதுவாகத்தான் புரிந்தது. அவர்கள் மூன்று தலைமுறையாக உழுகிற காடு, ஆனால் கையில் பட்டாக் காகிதம் கிடையாது. ஒரு மலைக்கு அப்பால் இருந்த ஊரில் யாரோ வந்து டேப் பிடித்திருக்கிறார்கள், மரத்தில் எண் போட்டிருக்கிறார்கள், அதற்கப்புறம் அங்கே வேலி வந்துவிட்டது. பெரிய மரம் நிற்கிற இடம் காடு என்று சொல்லி எடுத்துக்கொள்வார்கள் என்பது மலை முழுக்க இருந்த பயம். நாங்கள் மாதாமாதம் வருகிறோம், சுமையில்லாமல் வருகிறோம், ஒவ்வொரு மரமாக நின்று பேர் சொல்கிறோம். கடைசியில் டேப்பும் பிடித்து, நம்பரும் எழுதிவிட்டோம். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் அந்த அக்காவுக்கு? நாங்கள் போன அன்று சாயங்காலமே அரிவாளை எடுத்திருக்கிறார்.

டெய்லர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ, நான் தையக்காரனுங்க. இது துணி அளக்கற டேப்புங்க. வெளையாட்டுக்கு அளந்தேனுங்க."

அக்கா நம்பவில்லை. "அங்க வந்தவங்களும் கோயிலுக்குப் போறம்னுதானுங்க சொன்னாங்க."

நான் டெலிபோன் ஆபீஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் ஓர் ஆபீஸ்தான் என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா கொஞ்ச நேரம் டெய்லரையே பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு கிழிந்த சாக்கையும் கோணி ஊசியையும் சணல் நூலையும் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார்.

"தையக்காரருன்னா தெச்சுக் காட்டுங்க."

டெய்லர் சாக்கை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊசியில் நூலைக் கோத்தார். எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிழிசலை உள்ளே மடித்து, ஓரம் கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டைக் காலருக்குத் தையல் போடுகிற மாதிரி சின்னச் சின்னதாகப் போட்டுக்கொண்டே போனார். அவ்வளவு நறுவிசு ராகிச் சாக்குக்குத் தேவையே இல்லை. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்தார். அந்தக் கை வேறு எந்த வேலையும் செய்து பிழைத்த கை இல்லை என்பது பார்த்தவுடனே தெரியும். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போன விரல் நுனி.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சாக்கை நீட்டினார். அக்கா வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மரத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் சும்மாவா வெட்டுனன்?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். தாலி கட்டி வந்த நாளிலிருந்து அந்த மரத்தடியில் பிள்ளை தாலாட்டி, மாடு கட்டி, பழம் பொறுக்கி வாழ்ந்தவர் அவர். நாங்கள் அழகாக இருக்கிறது என்று பார்த்தோம், அவர் அதை வெட்டினார். டெய்லர் மூஞ்சியைப் பார்க்கவே சகிக்கவில்லை.

வாத்தியார்தான் சும்மா இருக்காமல், "மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். வருத்தத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராதுன்னும் சொல்லியிருக்காங்க சார். பக்கத்து ஊருல வேலி வந்தது பேயில்லையே, நெசந்தானே?" என்றேன். அவர் என்னை முறைத்தார், அப்புறம் குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நீங்க சொல்றதும் சரிதான்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேச்சை மாற்றவோ என்னவோ, மண்டியிட்டு முள்ளையெல்லாம் விலக்கி மரத்தைச் சுற்றிச் சுற்றித் தவழ்ந்தார். திடீரென்று நின்றார். "ஏம்மா, இந்தப் பக்கம் ஏன் எடுக்கலை?"

போய்ப் பார்த்தோம். வளையம் முழுசாக இல்லை. ஒரு பக்கத்தில், உள்ளங்கை இரண்டை விரித்து வைத்த அகலத்துக்குப் பட்டை அப்படியே இருந்தது. அரிவாள் படவே இல்லை.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதுகூடத் தெரியாதா என்பது போலச் சொன்னார். "அந்தப் பக்கம் சேர்வராயன் மலைங்க. சாமி பாக்கற பக்கத்துல கத்தி வெக்க மாட்டமுங்க. எங்கூட்டு வழக்கம்."

"அந்தப் பக்கம் விட்டா மரம் காயாதும்மா!"

"காயாதுன்னு தெரியாதுங்களே. காயோணும்னு வெட்டுனதுதான். ஆனாலும் அந்தப் பக்கம் கை போவுல."

வாத்தியார் தரையில் உட்கார்ந்து சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பட்டை வழியாகச் சாப்பாடு கீழே இறங்கும், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பிழைக்க வழி உண்டு என்றார். அன்றைக்கு அதற்குமேல் காடு பார்க்கும் நடை நடக்கவில்லை. பிள்ளைகள் செம்மண் அள்ளி வந்தார்கள். அக்காவின் பெண்கள் சாணி கொண்டுவந்தார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டையும் மிதித்துக் குழைத்தேன். வீங்கின காலுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. காயத்தின் மேல் மண்ணை அப்பி, அக்கா கொடுத்த சாக்குகளைச் சுற்றி, டெய்லர் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தார். இந்தத் தடவை டேப்பை எடுக்கவில்லை. டேப் அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டிருந்தது. அதற்கப்புறம் கடைக்கு வெளியே அவர் கழுத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் முழுக்க எங்கள் நடை பாறை வரைக்கும் போனதைவிட மரம் வரைக்கும் போனதுதான் அதிகம். டெய்லர் நடுவில் தனியாகவும் போய்வந்தார் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். ஆவணியில் ஒரு பக்கக் கிளைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ஐப்பசி மழையில் இரண்டு கொம்பு முறிந்து விழுந்தது. மறுபக்கம், சேர்வராயன் மலைப்பக்கம், இலை இலையாகவே நின்றது. போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவோம். தண்ணீர் மறுபடியும் கிடைத்தது. பச்சை மிளகாய் கிள்ளிப் போட்ட மோராகவே கிடைத்தது.

காகிதத்துக்கும் முயற்சி செய்யாமல் இல்லை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்ததில் எந்த ஆபீசில் யார் எப்போது சீட்டில் இருப்பார் என்பது எனக்கு அத்துப்படி. தையில் குடகிலிருந்து வந்திருந்த அக்காவின் வீட்டுக்காரரையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் லீவு போட்டு அலைந்தேன். உட்காரச் சொன்னார்கள், விசாரித்தார்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பார்க்கலாம் என்றார்கள். பிறகும் கேட்டேன், பிறகும் பார்க்கலாம் என்றார்கள். என் கோபம் டெலிபோனில்தான் பலிக்கும், நேரில் பலிக்காது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர் மறுபடி குடகுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஆனிக் கடைசி ஞாயிறு. நல்ல மூடுபனி, பக்கத்தில் நடப்பவர் முகம்கூடச் சாம்பலாகத்தான் தெரிந்தது. சேலத்திலிருந்து புதிதாகச் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு சின்னப்பெண், ஏதோ காலேஜில் படிக்கிறவள், வாத்தியார் சொல்கிற எல்லாவற்றையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தாள். நாவல் மரத்தடிக்கு வந்தபோது பனி கொஞ்சம் விலகியது. ஒரு பாதி மொட்டையாக, கரிக்கட்டையாக நின்றது. மறு பாதியில் காய்த்திருந்தது. சும்மா காய்க்கவில்லை, கொப்பு தாங்காத காய்ப்பு. தடமெல்லாம் பழம் விழுந்து ஊதாவாகக் கிடந்தது. டெய்லர் செருப்பைக் கழற்றிவிட்டு, பழத்தை மிதிக்காமல் ஓரமாக நின்றுகொண்டு, மேலேயே பார்த்தார்.

"என்ன சார் ஆச்சு இந்த மரத்துக்கு? பாதி செத்துப் போயிருக்கே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அக்கா முறத்தில் பழத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வாத்தியார் அவரைப் பார்த்தார். வாழ்நாளில் தாவரவியலில் ஒரு பொய் சொல்லாத மனிதர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அது வந்து... போன வருஷம் இடி விழுந்ததும்மா" என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆனால் அக்கா முறத்தோடு நின்றுவிட்டார்.

"இடி இல்லீங்க. நாந்தான் வெட்டுனது."

"நீங்களா? எதுக்குங்க?"

"இவங்களையப் பாத்துப் பயந்து வெட்டுனதுங்க. காட்ட எடுத்துக்குவாங்கன்னு. கையில காயிதம் இல்லீங்களே." பழைய வெட்கம் எதுவும் அவர் குரலில் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். வாத்தியார் தடியால் மண்ணைக் கிளறினார். டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் பெண் பாவம், நல்ல மனசோடுதான் கேட்டாள்: "இப்ப பயம் போயிருச்சுங்களா அக்கா?"

அக்கா முறத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"எடுத்துக்க கண்ணு. பயம் எங்க போவுது? அது அப்படியேதான் இருக்குது. மரந்தான் பொழச்சுக்கிச்சு."